மருந்துக்கு அடங்காத கிருமியும் மூடாத தீப்புண்ணும்

“நேத்துகூட நல்லாப் பேசினாரே டாக்டர். புண்ணு ஆறிக்கிட்டு வருதுன்னுதானே சொன்னீங்க. இன்னிக்கு ரத்தத்துல கிருமி ஏறிடுச்சுங்கிறீங்க, எப்படி?”

மலேசியாவில் தீப்புண் வார்டுக்கு வெளியே காத்திருக்கும் நம் குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில். முதல் இரண்டு நாள் ஆபத்து எல்லாருக்கும் புரிகிறது. உடம்பு வெந்திருக்கிறது, நீர் வற்றுகிறது, புகை நெஞ்சுக்குள் போயிருக்கிறது. அதைத் தாண்டி வந்தவர் கண் திறந்து, கஞ்சி குடித்து, பேரப்பிள்ளையை விசாரிக்கத் தொடங்கிய பிறகு மருத்துவரின் முகம் மாறினால் குடும்பம் நிலைகுலைந்து போகிறது. “எந்த மருந்துக்கும் கேட்காத கிருமியாம்.” உடனே அடுத்த சந்தேகம்: அரசாங்க ஆஸ்பத்திரியில் விலை கூடின மருந்தைக் கொடுக்காமல் விட்டார்களோ? தனியார் மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று சொந்தபந்தங்களிடம் பணம் திரட்டத் தொடங்குகிறார்கள்.

அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் தீப்புண்ணில் கிருமியை வெல்வது மருந்தின் விலையைப் பொறுத்ததல்ல. வெந்த தோலை எத்தனை நாளில் அகற்றி மூடுகிறார்கள், அதுவரை எத்தனை கைகள் ஒழுங்காகக் கழுவப்படுகின்றன என்ற இரண்டையும் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகிறது. மருந்து அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

தீப்பட்ட உடனே அந்த இடத்தில் கிருமிகள் மிகக் குறைவு. வெப்பம் மேற்பரப்பில் இருந்தவற்றைக் கொன்றுவிடுகிறது. முடிக்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் ஆழமாகப் பதுங்கியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவை மட்டும் தப்பும். ஏறத்தாழ 48 மணி நேரத்தில் அவை புண்ணின் மேல் பரவிவிடும். ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் இன்னொரு கூட்டம் வந்து சேரும்: சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர். இவற்றில் சில நோயாளியின் குடலிலிருந்தே வருகின்றன. மற்றவை வார்டிலிருந்து வருகின்றன: குழாயிலிருந்து, கட்டில் கம்பியிலிருந்து, திரைச்சீலையிலிருந்து, கைகளிலிருந்து. இரண்டாவது வாரத்தில் நிலைமை மோசமாவதற்குக் காரணம் இந்தக் கால அட்டவணைதான்.

ஆழமான தீப்புண்ணில் வெந்த தோல் தடித்து, பதனிட்ட தோல் போல இறுகிக் கிடக்கும். நரம்பும் எரிந்துபோவதால் அங்கே வலிகூடத் தெரியாது. நோயாளி அமைதியாகப் பேசுவதைப் பார்த்துக் குடும்பம் ஆறுதல் அடைவது இதனால்தான். ஆனால் அந்த இறந்த தோல் முழுக்கப் புரதம், ஈரம், சூடு. கிருமிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே இரத்தக் குழாய்களும் இல்லை. நாம் ஊசி வழியே ஏற்றும் ஆன்டிபயாடிக் இரத்தத்தோடு போவது. குழாயே இழுக்கப்படாத வீட்டுக்குத் தண்ணீர் வாரியம் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் சொட்டுக்கூட வராது. வெந்த தோலுக்கும் மருந்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். கிருமி அங்கே பெருகி, உயிருள்ள சதைக்குள் இறங்கி, இரத்தத்தில் கலக்கும் வரை மருந்தால் அதைத் தொடவே முடிவதில்லை. வெள்ளி கலந்த களிம்புகளைப் புண்ணின் மேல் நேரடியாகத் தடவுவது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதை வெளியே அதிகம் பேசுவதில்லை. பெரிய தீப்புண் பட்ட உடம்பின் இயக்கம் தாறுமாறாக வேகமெடுக்கிறது. பலருக்குச் சிறுநீரகம் மருந்தை வழக்கத்தைவிட விரைவாக வெளியேற்றுகிறது. புண் வழியேயும் நீர் கசிகிறது. மற்ற நோயாளிக்குப் போதுமான அளவு இவருக்குப் போதாது. குறைந்த அளவு மருந்தில் நனையும் கிருமி சாவதில்லை, தாக்குப்பிடிக்கப் பழகுகிறது. அதோடு, பெரிய தீப்புண் நோயாளிக்குக் கிருமி இல்லாமலேயே காய்ச்சல் 38.5 பாகைவரை போகும், நாடி துடிக்கும், வெள்ளணு எண்ணிக்கை ஏறும். இது நோய்த்தொற்றா, உடம்பு தன் காயத்துக்குக் காட்டும் எதிர்வினையா என்று பிரித்துச் சொல்வது அனுபவமுள்ளவர்களுக்கும் கடினம். சந்தேகம் வந்தால் மருந்தைத் தொடங்குவதா, காத்திருப்பதா? தொடங்கினால் மருந்தை எதிர்க்கும் கிருமி மட்டும் தப்பிப் பெருகும். காத்திருந்தால் ஆள் போய்விடலாம். இரவு இரண்டு மணிக்கு இந்த முடிவை எடுக்கும் இளம் மருத்துவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆன்டிபயாடிக்கின் வரலாறும் தீப்புண் வார்டின் வரலாறும் பின்னிப்பிணைந்தவை. 1942 நவம்பர் 28-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் மாண்டார்கள். அப்போது பென்சிலின் கடையில் கிடைக்காது. போர்க்கால இரகசியப் பொருள். நியூ ஜெர்சியிலிருந்து போலீஸ் பாதுகாப்போடு பென்சிலின் கலந்த திரவத்தைப் பாஸ்டனுக்குக் கொண்டுவந்து, ஒட்டுத்தோல் வைத்த, அதாவது உடம்பின் வேறு இடத்துத் தோலை எடுத்துப் புண்ணில் ஒட்டிய நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். போருக்கு வெளியே பொதுமக்களுக்கு அந்த மருந்து போன ஆரம்ப கால நிகழ்ச்சிகளில் அது ஒன்று.

அந்த நம்பிக்கை உடைந்த இடமும் தீப்புண் வார்டுதான். 1969-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் விபத்து மருத்துவமனையில், எட்வர்ட் லோபரி குழுவினர் சூடோமோனாஸ் கிருமிக்குக் கார்பெனிசிலின் என்ற புதிய மருந்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அது சந்தைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. திடீரென்று அந்த மருந்துக்குச் சற்றும் அசையாத கிருமிகள் வார்டில் தோன்றின. ஆராய்ந்தபோது, மருந்தை எதிர்க்கும் சக்தி ஒரு சிறிய மரபணு வளையத்தில் இருந்தது தெரிந்தது. பிளாஸ்மிட் எனப்படும் அந்த வளையம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இனம் விட்டு இனமும் தாவும். ஒரே வார்டில் சூடோமோனாஸிலும் கிளெப்சியெல்லாவிலும் அதே குடும்ப வளையங்கள் கிடைத்தன. ஆர்.பி.4, ஆர்.கே.2 என்ற பெயர்களில் அவை இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. எத்தனையோ மாணவர்கள் அவற்றைக் கையாண்டிருப்பார்கள்; அவை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தீப்புண் நோயாளியின் கட்டிலருகே பிறந்தவை என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்பதைக் கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகம் நாடு முழுவதுமுள்ள மருத்துவமனைகளிடமிருந்து தொகுத்து வெளியிடுகிறது. அதில் பல ஆண்டுகளாகக் கவலை தரும் பெயர் அசினெட்டோபாக்டர் பௌமானி. மெரோபெனம் உள்ளிட்ட கார்பாபெனம் வகை மருந்துகள் கடுமையான நோய்த்தொற்றுக்கு மருத்துவர்கள் கையிலெடுக்கும் வலுவான ஆயுதம். பதிவாகும் அசினெட்டோபாக்டரில் ஏறத்தாழப் பாதி அந்த ஆயுதத்துக்கே அடங்குவதில்லை. 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்தி வெளியிட்ட கிருமிப் பட்டியலிலும் இது மிக அவசரமான பிரிவில் இருக்கிறது. ஆரோக்கியமான ஆளை இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தோல் இழந்தவர், மூச்சுக்கருவியில் இருப்பவர், நாட்கணக்கில் குழாய்களோடு கிடப்பவர் என்றால் பற்றிக்கொள்ளும். உலர்ந்த மேசை, மெத்தை உறை, மானிட்டர் பொத்தான் எதிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சூடோமோனாஸ் இதற்கு நேர்மாறாக ஈரத்தை விரும்பும். கைகழுவும் தொட்டி, குழாய் முனை, வடிகால் அதன் வீடு. புண்ணைக் கழுவ நோயாளிகளைப் பொதுத் தொட்டியில் இறக்கும் பழைய வழக்கத்தைப் பல நாடுகள் கைவிட்டதற்குக் காரணம் இதுதான்.

இப்படிப்பட்ட கிருமிக்கு எஞ்சியிருப்பது கொலிஸ்டின். 1940-களின் இறுதியில் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னர் ஒதுக்கிவைக்கப்பட்ட மருந்து. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே நீர்ச்சத்து இழந்து சிறுநீரகம் தத்தளிக்கும் தீப்புண் நோயாளிக்கு இதைக் கொடுப்பது எவ்வளவு சங்கடமான முடிவு என்று எண்ணிப் பாருங்கள். 2015-இல் சீனாவில் இந்தக் கடைசி மருந்தையும் செயலிழக்கச் செய்யும், தாவக்கூடிய மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அது முதலில் பன்றிகளிலும் இறைச்சியிலும் தென்பட்டதற்குக் காரணம், கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் டன் கணக்கில் கலந்ததுதான். மலேசியாவிலும் கோழிப் பண்ணைகளில் அது புழங்கியது. 2019 ஜனவரி 1 முதல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுக்கத் தடை வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்திருக்கிறது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ், அந்தத் தடை நடப்புக்கு வந்த 2019-இல்தான் மறைந்தார். கோழிக் குழம்புக்கும் தீப்புண் வார்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அவரைப் போன்றவர்கள் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புதிய மருந்துகள் வராமலில்லை. அசினெட்டோபாக்டருக்கென்றே சல்பாக்டம்–டர்லோபாக்டம் என்ற கூட்டு மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கிருமியைத் தின்னும் வைரஸ்களை வைத்துப் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீப்புண் நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. தயாரித்துவைத்த வைரஸ் கலவை நாளாக ஆக வீரியம் இழந்ததால், அது வழக்கமான வெள்ளிக் களிம்பைவிட மெதுவாகவே வேலை செய்தது. அந்த வழி மூடிவிடவில்லை, ஆனால் இன்று கட்டிலில் கிடப்பவருக்கு உதவாது.

ஆக, கிருமி வராமல் பார்ப்பதுதான் நடைமுறை. இதில் தோற்றால் என்ன ஆகும் என்பதை ருமேனியா கண்டது. 2015 அக்டோபர் 30 இரவு புக்கரெஸ்ட்டில் கொலெக்டிவ் என்ற விடுதி எரிந்தபோது அங்கேயே இறந்தவர்கள் 26 பேர். மொத்த உயிரிழப்பு 64. மற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைகளில், நாள்களும் வாரங்களும் கழித்து இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுபோனது மருத்துவமனைக் கிருமி. அடுத்த ஆண்டு, அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு விற்கப்பட்ட கிருமிநாசினி தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யப்பட்டது என்பது அம்பலமாகி அரசாங்கமே ஆட்டம் கண்டது.

நம் நாட்டிலும் பெருந்தீ புதிதல்ல. 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஏப்ரல் 1-ஆம் நாள், நோன்புப் பெருநாளின் மறுநாள் காலையில், புத்ரா ஹைட்ஸ் எரிவாயுக் குழாய் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஒரே நாளில் இத்தனை பேர் வந்தால் தனியறை, தாதியர், அறுவைக்கூடம் எல்லாமே நெருக்கடிக்குள்ளாகும். சாதாரண நாளிலேயே நம் பொது மருத்துவமனைகளில் தாதியர் பற்றாக்குறை இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெரிய தீப்புண்ணுக்குக் கட்டு மாற்ற இரண்டு மூன்று பேர், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஒரு தாதி இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஓடினால் கை கழுவ மறந்துவிடுவார் என்று குற்றம் சொல்வது எளிது. நேரமில்லாத இடத்தில்தான் கிருமி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நடக்கிறது. சுகாதார அமைச்சின் கிருமி எதிர்ப்புத் திட்டங்கள் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், தீப்புண் வார்டில் ஆள்பலத்தைக் கூட்டாமல் அவை காகிதத்தில்தான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் பத்துப் பேர் போய்ப் பார்ப்பது நம் பண்பாடு. பார்க்காமல் இருந்தால் பின்னால் பேச்சு வரும். சித்தப்பா விபூதி கொண்டுவருவார், அத்தை கோயில் பூவையும் குங்குமத்தையும் கொண்டுவருவார், இன்னொருவர் வீட்டில் காய்ச்சிய எண்ணெய். தீப்புண் வார்டில் மிசி (தாதி) இவற்றை வாசலிலேயே நிறுத்தும்போது மனம் புண்படுகிறது. காரணத்தை யாராவது நின்று சொல்லியிருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது. பூவிலும் ஈரமான இலையிலும் சூடோமோனாஸ் இருக்கும். கையில் தொட்டு நெற்றியில் இடும் விபூதியோடு விரலில் உள்ளதும் போகும். பிரசாதத்தை வாசலில் வைத்து வேண்டிக்கொண்டாலே போதும். இதைக் கோயில் குருக்களே எடுத்துச் சொன்னால் இன்னும் நன்றாக எடுபடும்.

சிலருக்குக் கட்டிலில் ‘எம்.ஆர்.ஓ.’ என்று அட்டை தொங்கவிட்டு, தனியே வைத்து, வருபவர்களுக்குக் கவுனும் கையுறையும் கொடுப்பார்கள். “எங்க அப்பாவ ஒதுக்கி வச்சிட்டாங்க” என்று பிள்ளைகள் அழுவார்கள். அந்த அட்டைக்குப் பொருள், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி அவர் உடம்பில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். கிருமி தோல்மேல் குடியிருக்கலாம், நோயாக மாறாமலும் இருக்கலாம். குடியிருப்பதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. “கிருமி இருக்குன்னு சொல்லிட்டு மருந்து குடுக்கலையே” என்று சண்டை போடுவதற்கு முன், “குடியிருக்கிறதா, நோயாகிவிட்டதா?” என்று மருத்துவரைக் கேளுங்கள். கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கையைப் பிடிக்கலாம். நுழையும்போதும் வெளிவரும்போதும் கையைத் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்த கட்டில்காரரை நலம் விசாரித்துத் தொட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னும் முன்னால் போனால் வீட்டுக்கே வர வேண்டும். சுடுநீர் பட்டால், எண்ணெய் தெறித்தால், உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு அதன் கீழ் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே அடைத்து, கிருமிக்கும் வழி திறக்கும். நீரிழிவுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. பாதத்தில் உணர்ச்சி மங்கியவர் தைப்பூசத்தன்று உச்சி வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால், கால் வெந்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கால்வலிக்குச் சுடுநீரில் பாதத்தை ஊறவைத்து வெந்துபோனவர்களும் உண்டு. அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும். மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் புண்ணும், இடையிடையே மாறும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தால் அடங்காத கிருமிக்கு அங்கேயே வழி பிறக்கும். தீமிதிக்க நேர்ந்துகொள்ளும் நீரிழிவுக்காரர் முதலில் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ளட்டும்.

சளிக்காய்ச்சலுக்குக் கிளினிக்கில் “ஆன்டிபயாடிக் சேர்த்துக் குடுங்க டாக்டர், சீக்கிரம் வேலைக்குப் போகணும்” என்று கேட்பதையும் நிறுத்த வேண்டும். நம் நாட்டில் கிளினிக் மருத்துவரே மருந்தையும் கையில் தருகிறார். நோயாளியைத் திருப்திப்படுத்தும் நெருக்கடி அவருக்கும் உண்டு. அன்று தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரைக்குத் தப்பிய கிருமி நம் குடலில்தான் தங்குகிறது. நாளை நமக்கே தீப்புண் பட்டால் அங்கிருந்தும் அது புண்ணுக்கு வரலாம்.

மீண்டும் புண்ணை மூடும் பேச்சு. 1970-இல் யூகோஸ்லாவியாவின் மரிபோர் நகரைச் சேர்ந்த சோரா யான்செகோவிச் என்ற பெண் அறுவை மருத்துவர், வெந்த தோல் தானாகக் கழன்று விழக் காத்திருக்காமல் சில நாள்களுக்குள்ளேயே அடுக்கடுக்காகச் சீவி எடுத்து உடனே ஒட்டுத்தோல் வைக்கும் முறையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். கிருமி குடியேறும் முன் வீட்டையே இடித்துவிடும் அந்த யோசனை, பல ஆன்டிபயாடிக்குகள் செய்யாததைச் செய்தது. இன்றும் தீப்புண் சிகிச்சையின் முதுகெலும்பு அதுதான். “அதுக்குள்ள ஆப்பரேஷனா? உடம்பு தேறட்டுமே” என்று குடும்பம் தயங்கிக் கையெழுத்துப் போடாமல் தள்ளும் ஒவ்வொரு நாளும் கிருமிக்குக் கிடைக்கும் நாள்.

சிக்கல், எதை வைத்து மூடுவது என்பது. உடம்பில் அறுபது விழுக்காடு வெந்தவருக்கு ஒட்டுத்தோல் எடுக்க எஞ்சியிருப்பது நாற்பது விழுக்காடுதான். எடுத்ததை வலைபோல் துளையிட்டு விரித்தாலும் போதாது. எடுத்த இடம் ஆறி மறுபடி எடுக்க இரண்டு வாரமாவது வேண்டும். அந்த இடைவெளியில் இறந்தவர் தானமாகக் கொடுத்த தோலால் புண்ணைத் தற்காலிகமாக மூடலாம். அது நிலையாக ஒட்டாது. ஆனாலும் சில வாரம் நீரையும் உப்பையும் காத்து, கிருமியை வெளியே நிறுத்தும். மலேசியாவில் உறுப்பு தானம் செய்பவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு, தோல் தானம் பற்றித் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. எடுக்கப்படுவது முதுகு, தொடைப் பகுதியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள மேற்படலம் மட்டுமே. முகத்தைத் தொட மாட்டார்கள். வேட்டியோ சேலையோ உடுத்திச் செய்யும் இறுதிச் சடங்கு எதற்கும் அது தடையில்லை. அரசாங்கத்தின் மைசெஜாத்ரா சுகாதாரச் செயலியிலேயே உறுப்பு, திசு தானத்துக்குப் பதிந்துகொள்ளலாம். பதிந்திருந்தாலும் மருத்துவமனையில் குடும்பத்தாரிடம் கேட்ட பிறகே எடுப்பார்கள். ஆகவே உங்கள் விருப்பத்தை மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளைகளிடமோ இப்போதே சொல்லிவையுங்கள்.